கண்ணாடியில் இருக்கும் ‘அ’ யார் படிப்பதற்கு?

தமிழ்நாடு அரசு அலுவலர்கள், ஊழியர்கள், ஆசிரியர்கள், காவல்துறையினர், ஓய்வூதியர்கள் அனைவருக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நான் 28 ஆண்டுகள் அரசு ஊர்தி ஓட்டுநராக வேலை பார்த்தவன். 1990-இல் ஒரு மகிந்திரா ஜீப்பில் தொடங்கினேன். நடுவில் சில காலம் அம்பாசடர். 2018-இல் ஒரு பொலிரோவின் சாவியை மேசையில் வைத்துவிட்டு, கையெழுத்துப் போட்டு, பேருந்தில் வீடு வந்து சேர்ந்தேன். இத்தனை ஆண்டும் என் கண்ணுக்கு நேரே, முன்கண்ணாடியில், அரசு வண்டி என்பதைக் காட்டும் ‘அ’ என்ற எழுத்து இருந்தது. ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தால் அது திரும்பித் தெரியும். வெளியே நிற்பவருக்குத்தான் நேராகத் தெரியும்.

உங்களில் பலர் எனக்கு மேலதிகாரிகள். பலர் என்னோடு சங்கத்தில் நின்றவர்கள். உங்களைக் குறை சொல்லி ஊரில் நல்ல பெயர் வாங்க வேண்டிய தேவை எனக்கு இல்லை. நானும் இந்தத் தப்பில் பங்கு வைத்தவன். அதையும் இந்த மடலில் சொல்கிறேன்.

என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் சொந்தக் காரில், பைக்கில், மகனின் வண்டியில், மருமகனின் வண்டியில் ஒட்டியிருக்கும் ‘அ’, ‘ஜி’, ‘தமிழ்நாடு அரசு’, ‘போலீஸ்’, ‘நீதித்துறை’, ‘ஆன் டூட்டி’ ஆகிய அனைத்தையும் எடுத்துவிடுங்கள். துறை வண்டியில் இருக்கும் ‘அ’ இருக்கட்டும். அது இருக்க வேண்டிய இடம் அதுதான்.

நான் வேலையில் சேர்ந்த வாரம், எனக்கு முன்னால் அந்த ஜீப்பை ஓட்டிய மூத்த ஓட்டுநர் வண்டியை என்னிடம் ஒப்படைத்தார். ஸ்டெப்னி, ஜாக்கி, டூல்ஸ் எல்லாம் எண்ணிக் கொடுத்தார். கடைசியில் லாக் புக்கை எடுத்துக் கொடுத்தார். அரசு வண்டி ஓட்டியவர்களுக்கு அது என்னவென்று தெரியும். வண்டி கிளம்பிய நேரம், கிளம்பும்போது மீட்டரில் இருந்த கிலோமீட்டர், திரும்பும்போது இருந்த கிலோமீட்டர், எதற்காகப் போனது, யார் போனார், அவர் கையெழுத்து. டீசல் எத்தனை லிட்டர், மாதக் கடைசியில் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுத்தது என்ற கணக்கு. அதைக் கையில் கொடுத்துவிட்டு, கண்ணாடியைக் காட்டி அவர் சொன்னார்: “இந்தப் புக்கை நீயும் ஆபீசரும் மட்டும்தான் பார்ப்பீங்க. அந்த எழுத்தை ஊரே பார்க்கும். ரெண்டும் ஒண்ணுதான், பார்த்துக்க.”

அன்று எனக்கு அது புரியவில்லை. புரிந்தபோது இரண்டு சம்பவங்கள் நடந்து முடிந்திருந்தன.

2004 டிசம்பர் 26-க்குப் பிறகு, உள்மாவட்டம் ஒன்றில் இருந்த எங்கள் வண்டியையும் நாகப்பட்டினத்துக்கு அனுப்பினார்கள். அந்த மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டவர்களைக் கடல் கொண்டுபோயிருந்தது. அரிசி மூட்டை, தார்ப்பாய், பாத்திரம் ஏற்றிக்கொண்டு ஒரு கரையோரக் குடியிருப்புக்குள் மெதுவாக ஓட்டிப் போனேன். வண்டியைப் பார்த்ததும் ஜனம் ஓடி வந்தது. ஓட்டுநர் யார், அதிகாரி யார் என்று யாரும் பார்க்கவில்லை. ஒரு வயதான அம்மா பானட்டில் கை வைத்துக்கொண்டு என்னிடமே பெயர்களைச் சொல்லத் தொடங்கிவிட்டார். “எழுதிக்கய்யா, எழுதிக்கய்யா” என்றார். நான் டிரைவர் என்று சொல்ல வாய் வரவில்லை. லாக் புக்கின் பின்பக்கத்தில் ஏழு பெயர்களை எழுதி, அதிகாரி வந்ததும் கொடுத்தேன். அந்த அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த ஓர் எழுத்தை அவர் அடையாளம் கண்டிருந்தார். அந்த எழுத்து வந்தால் கேட்க ஆள் வந்திருக்கிறது என்று பொருள். என் பணிக்காலத்தில் ‘அ’ என்ற எழுத்து முழுதாக அதன் பொருளில் நின்ற நாள் அது.

மற்றது 2009-இல். அப்போது நான் இருந்த ஊரையும் அலுவலகத்தையும் சொல்லப்போவதில்லை. அதிகாரி இன்று ஓய்வு பெற்றுவிட்டார், நல்ல மனிதர்தான். அன்று அவர் மகளுக்கு நுழைவுத் தேர்வு. வீட்டில் கிளம்பத் தாமதம். மார்க்கெட் வழியாகப் போனால் தேர்வு மையம் ஐந்து நிமிடம், ஆனால் அது ஒருவழிப்பாதை, எதிர்த்திசை. நான் தயங்கினேன். “போப்பா, நம்ம வண்டிதானே” என்றார். போனேன்.

எதிரே டிவிஎஸ் 50-இல் ஒருவர் முட்டை ஏற்றிக்கொண்டு வந்தார். பின்னால் அட்டை அட்டையாக அடுக்கி, ரப்பர் ட்யூபில் கட்டியிருந்தார். அவர் தன் வழியில், சரியான பக்கத்தில் வந்தார். எங்களைப் பார்த்ததும் பிரேக் அடித்து ஒதுங்கினார். வண்டி சாய்ந்தது, மேலே இருந்த இரண்டு அட்டைகள் சரிந்து தார் ரோட்டில் விழுந்தன. அட்டைக்கு 30, ஆக 60 முட்டை. மஞ்சள் கரு ரோட்டில் ஓடியதை இன்றும் நான் மறக்கவில்லை. அவர் நிமிர்ந்து, கோபமாக ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த நொடியில் அவர் கண் எங்கள் கண்ணாடியில் இருந்த எழுத்தைப் பார்த்தது. வாய் மூடிக்கொண்டது. பிறகு அவர் சொன்னார்: “பரவாயில்ல சார்.”

தப்பு எங்கள் மேல். நஷ்டம் அவருக்கு. பரவாயில்லை என்று சொன்னதும் அவர்தான். நான் கீழே இறங்கவில்லை. “டைம் ஆச்சு, போ” என்று பின்னாலிருந்து குரல் வந்தது, போய்விட்டேன். மாலையில், அலுவலக வேலையாக ஓர் இடத்தைப் பார்க்கப் போனதாக லாக் புக்கில் எழுதினேன்: “புலத்தணிக்கை, 14 கி.மீ.” அதிகாரி கையெழுத்துப் போட்டார்.

நாகையில் அந்த எழுத்தைப் பார்த்து ஜனம் ஓடி வந்தது. மார்க்கெட்டில் அதே எழுத்தைப் பார்த்து ஒருவர் தன் நியாயத்தை விழுங்கிக்கொண்டார். எழுத்து ஒன்றுதான். நாம் அதை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அது துறை வண்டி, அதிகாரியும் உண்மையான அதிகாரி. அப்படி இருக்கும்போதே இந்த நிலைமை. சொந்தக் காரில், அதுவும் வேலைக்குச் சம்பந்தமே இல்லாதவர் ஓட்டும் காரில், இதே எழுத்தை ஒட்டிக்கொண்டு போனால் எத்தனை “பரவாயில்ல சார்” ஊரில் சேரும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த எழுத்து துறை வண்டியில் ஏன் இருக்க வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. ஓட்டுநர்களுக்குத் தெரியும், மற்ற பலருக்குத் தெரியாது. வணிக நோக்கமில்லாமல் ஓடும் அரசு வண்டிகளுக்குக் கட்டாயக் காப்பீட்டிலிருந்து மோட்டார் வாகனச் சட்டம் 146-ஆம் பிரிவு விலக்கு கொடுத்திருக்கிறது. நம் ஜீப் யார் மீதாவது மோதிவிட்டால், அவர் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் போக முடியாது. அரசையே எதிர்மனுதாரராகச் சேர்த்து விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட வேண்டும். தீர்ப்பு வந்தும் பணம் வராவிட்டால் நீதிமன்ற ஊழியர் வந்து வண்டியை ஜப்தி செய்வார். அரசுப் பேருந்தை ஜப்தி செய்தார்கள் என்ற செய்தியை நாம் எத்தனை முறை படித்திருக்கிறோம். அடிபட்டவருக்கு ‘அ’ என்பது யாரிடம் போய்க் கேட்க வேண்டும் என்று சொல்லும் முகவரி. அந்த முகவரியை நம் வீட்டுக் காரில் பொய்யாக எழுதி வைத்திருக்கிறோம்.

நிஜமான அரசு வண்டிக்குப் பதிவு எண்ணிலேயே அடையாளம் இருக்கிறது. தமிழ்நாட்டில் அரசு வண்டிகளுக்கு ‘ஜி’ வரிசை, அது தீர்ந்தால் ‘ஏஜி’, ‘பிஜி’ என்று போகும். அரசுப் பேருந்துகளுக்கு ‘என்’ வரிசை. வாடகை ஒப்பந்தத்தில் ஓடும் கார் என்றால் மஞ்சள் பலகை. வெள்ளைப் பலகையில் சாதாரண வரிசை எண்ணும், கண்ணாடியில் பெரிய ‘ஜி’யும் இருந்தால், அந்த இரண்டில் ஒன்று பொய். இதைக் கண்டுபிடிக்க ஆய்வாளர் வேண்டியதில்லை. சிக்னலில் பக்கத்தில் நிற்கும் கல்லூரிப் பிள்ளைக்கே தெரிந்துவிடும். நம்மைப் பற்றி அந்தப் பிள்ளை என்ன நினைக்கும் என்பதும் எனக்குத் தெரியும், ஏனென்றால் என் பேத்தி அதைச் சத்தமாகச் சொல்லிவிட்டாள்.

அதைச் சொல்கிறேன். நான் ஓய்வு பெற்ற பிறகு என் மாப்பிள்ளை கார் வாங்கினார். அவர் தனியார் நிறுவனத்தில் வேலை பார்ப்பவர். “மாமா, உங்க பழைய ஐடி இருக்குல்ல, ஒரு ‘அ’ ஒட்டிக்கலாமா, டோல்ல, செக்கிங்ல தொந்தரவு இருக்காது” என்று கேட்டார். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மகளும் பக்கத்தில் நின்றாள், மாப்பிள்ளை கேட்டதை மறுக்க மனம் வரவில்லை. “சரி” என்றேன். ஐடி தேவைப்படவே இல்லை. ரேடியம் ஸ்டிக்கர் கடையில் அவர் கேட்டதும் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். நானும் கூடப் போயிருந்தேன். ஒரு பிளாஸ்டிக் ட்ரேயில் ‘போலீஸ்’, ‘பிரஸ்’, ‘அட்வகேட்’, ‘ஆர்மி’, ‘டாக்டர்’ எல்லாம் கலந்து கிடந்தன. யார் வந்து எதைக் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பார்கள். 28 ஆண்டுகள் நான் கண்ணுக்கு முன்னால் வைத்துக் காப்பாற்றியதாக நினைத்த எழுத்து அந்த ட்ரேயில் நாற்பது ரூபாய்க்குக் கிடந்தது. அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

ஆறு மாதம் கழித்து ஒருநாள் எல்லோரும் காரில் போனோம். ஒரு சிக்னலில் சிவப்பு விழுந்திருந்தது. மாப்பிள்ளை நிற்காமல் போனார். காவலர் கையைத் தூக்கினார், கண்ணாடியைப் பார்த்தார், கையை இறக்கிவிட்டார். பின்னாலேயே வந்த ஒரு மினி லாரிக்காரர் நம்மைப் பார்த்து அதேபோல் வந்தார். அவரை ஓரம் கட்டினார்கள். என் பேத்திக்கு அப்போது ஒன்பது வயது. “தாத்தா, நம்ம கார்ல அ இருக்குறதால அவரை மட்டும் புடிச்சாங்களா?” என்று கேட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் “இதெல்லாம் சின்ன விஷயம்” என்ற பேச்சை நான் சங்கக் கூட்டங்களிலேயே கேட்டிருக்கிறேன். மத்திய மோட்டார் வாகன விதிகள் 50-ஆம் விதி, நம்பர் பிளேட்டில் பதிவு எண்ணைத் தவிர வேறு எதுவும் எழுத இடம் தரவில்லை. 2019 ஏப்ரல் 1 முதல் தயாரிக்கும் புதிய வண்டிகளுக்கு உயர் பாதுகாப்புப் பலகையே கட்டாயம். 2024 மே 2 முதல் சென்னைப் பெருநகரப் போக்குவரத்துக் காவல்துறை, தனியார் வண்டிகளில் துறைப் பெயர், சின்னம் ஒட்டியிருந்தால் நடவடிக்கை என்று அறிவித்தது. முதல் தடவை 500 ரூபாய், மறுபடியும் என்றால் 1,500 ரூபாய்.

500 ரூபாயைப் பார்த்துத்தான் சின்ன விஷயம் என்கிறோம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 205-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். அரசு ஊழியர் அல்லாத ஒருவர், தன்னை அரசு ஊழியர் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற எண்ணத்தில், அவர்கள் பயன்படுத்தும் உடையையோ அடையாளத்தையோ ஒத்த ஒன்றை அணிந்தாலோ வைத்திருந்தாலோ மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 171-ஆம் பிரிவாக இருந்தது. ஒரு படி மேலே போய், அந்தப் பதவியில் இருப்பதாக நடித்து ஏதாவது செய்தால் 204-ஆம் பிரிவு, குறைந்தது ஆறு மாதம் சிறை. நம் மாப்பிள்ளையிடமும் மகனிடமும் அந்த ஸ்டிக்கரைக் கொடுக்கும்போது, எந்தப் பிரிவின் வாசலில் அவர்களைக் கொண்டு நிறுத்துகிறோம் என்று நமக்குத் தெரிய வேண்டும். ஒரு குற்றப் பதிவு அவர்கள் பாஸ்போர்ட்டுக்கும் வேலைக்கும் எப்படிக் குறுக்கே நிற்கும் என்பதை அலுவலகத்தில் இருந்த நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

சிலர் கோபுரமும் சிங்கமுகத் தூணும் சேர்ந்த அரசுச் சின்னத்தையே ஒட்டிக்கொள்கிறார்கள். அதன் கீழே “வாய்மையே வெல்லும்” என்று எழுதியிருக்கும். இந்திய அரசுச் சின்னத்தைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்க 2005-இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எந்தெந்தப் பதவிக்காரர்களின் காரில் சின்னம் இருக்கலாம் என்று அதன் விதிகளில் பட்டியல் இருக்கிறது. குடியரசுத் தலைவர், ஆளுநர், அமைச்சர், உயர் நீதிமன்ற நீதிபதி என்ற வரிசை அது. அந்த வரிசையில் பிரிவு அலுவலரோ கண்காணிப்பாளரோ அவர் மைத்துனரோ இல்லை. பதவியை விட்டுப் போனவர்களுக்கும் இல்லை.

டோல்கேட்டுக்கும் இதே கதைதான். 2008-ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளில் விலக்குப் பெற்றவர்கள் யார் என்று பெயர் பெயராக இருக்கிறது. ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, அமரர் ஊர்தி, சீருடையில் இருக்கும் காவலர்கள், பரம்வீர் சக்ரா போன்ற விருது பெற்றவர்கள் என்று போகிறது. ‘அரசு ஊழியரின் சொந்தக் கார்’ என்று எங்கும் இல்லை. 2021 பிப்ரவரி நடுவிலிருந்து ஃபாஸ்டேக் கட்டாயம் ஆனபிறகு, பூத்தில் கண்ணாடியை இறக்கி “கவர்ன்மென்ட்” என்று சொல்வது, அங்கே தினக்கூலிக்கு நிற்கும் பையனை மிரட்டுவது தவிர வேறொன்றுமில்லை. கணக்கு குறைந்தால் கேட்கப்படுவது அந்தப் பையன்தான்.

கார் கூரையிலிருந்து சிவப்பு விளக்கு போன கதையை நினைவுபடுத்துகிறேன். நான் ஓட்டிய காலத்தில் சுழல் விளக்கு வைத்த வண்டிக்கு இருந்த மவுசு கொஞ்சமில்லை. யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்று அலுவலகத்தில் பெரிய சண்டையே நடக்கும். 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், உயர் அரசியலமைப்புப் பதவியில் இருப்பவர்கள் தவிர வேறு யாரும் சிவப்பு விளக்கு வைக்கக் கூடாது என்றது. 2017 மே 1 முதல் மத்திய அரசு மோட்டார் வாகன விதி 108-ஐயே மாற்றி, பிரதமர் உட்பட எல்லோருடைய காரிலிருந்தும் அதை எடுத்தது. ஆம்புலன்ஸ், தீயணைப்பு, காவல் போன்ற அவசர வேலைக்கு மட்டும் விளக்கு என்றானது. அன்று விளக்கைக் கழற்றிய மெக்கானிக்கோடு நானும் ஏணி பிடித்து நின்றேன். கூரையில் இரண்டு ஓட்டை விழுந்தது, எம்சீல் வைத்து அடைத்தோம். அதற்குப் பிறகு எந்த ஆய்வும் நிற்கவில்லை, எந்தக் கூட்டமும் தாமதமாகவில்லை, எந்த அதிகாரியின் மரியாதையும் குறையவில்லை. கூரையில் எடுத்ததைக் கண்ணாடியில் ஸ்டிக்கராக ஒட்டிக்கொண்டோம், அவ்வளவுதான்.

இதற்கு நம் ஆட்கள் சொல்லும் காரணங்கள் எனக்குத் தெரியும். அவசர வேலைக்குப் போகிறோம் என்பார்கள். வெள்ளம், தீ, கலவரம் என்றால் துறை வண்டி வரும். சொந்தக் காரில் போகச் சொன்னால் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அலுவலக வளாகத்தில் நிறுத்த அடையாளம் வேண்டும் என்பார்கள். அதற்கு வண்டி எண் எழுதிய ஒரு சின்னச் சீட்டு போதும், உள்ளே வந்ததும் டேஷ்போர்டில் வைத்து, வெளியே போகும்போது எடுத்துவிடலாம். தேர்தல் நேரத்தில் வண்டிக்கு அனுமதிச் சீட்டு எப்படிக் கொடுக்கிறோம்? வண்டி எண், தேதி, கையெழுத்து எல்லாம் இருக்கும், நாள் முடிந்தால் அது வெறும் தாள். நமக்குத் தெரியாத முறை அல்ல.

மூன்றாவது காரணத்தைத்தான் யாரும் வெளியே சொல்வதில்லை. அதை நான் மதிக்கிறேன், அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன். முப்பது ஆண்டு வேலை பார்த்தோம். மேலே இருப்பவர் திட்டுவார், மனு கொண்டு வருபவர் சாபம் விடுவார், பத்திரிகையில் போட்டால் லஞ்சம் என்றுதான் போடுவார்கள். நேர்மையாக வேலை பார்த்தவருக்கும் அதே பெயர். இத்தனைக்கும் பதிலாக, சிக்னலில் ஒரு காவலர் பார்த்துத் தலையசைத்தால் மனதுக்கு ஓர் ஆறுதல். சொந்த ஊருக்குப் போகும்போது வண்டியில் அந்த எழுத்து இருந்தால் அண்ணன் தம்பி முன்னால் ஒரு நிமிர்வு. எனக்கும் இருந்தது. அப்பா விவசாயக் கூலி. அவர் மகன் கவர்ன்மென்ட் ஜீப் ஓட்டுகிறான் என்று ஊரே பேசியது. அந்தப் பெருமையைத் தப்பென்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்தத் தலையசைப்பு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். வெயிலில் எட்டு மணி நேரம் நிற்கும் இரண்டாம் நிலைக் காவலர் அவர். வண்டியை நிறுத்தினால், “நான் யார்னு தெரியுமா” என்ற கேள்வியும், அரை மணி நேரத்தில் ஒரு போன் காலும் வரும் என்று அவருக்கு அனுபவம். அதனால் கையை இறக்குகிறார். அவர் நம்மை மதிக்கவில்லை, நம்மிடமிருந்து தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறார். மார்க்கெட்டில் முட்டைக்காரர் செய்ததும் அதுவேதான்.

காவல்துறை நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. ‘போலீஸ்’ என்று ஒட்டிய சொந்த வண்டிகள் மற்ற எல்லாத் துறையையும்விடக் கண்ணில் படுகின்றன, தலைக்கவசம் இல்லாமல் போகும் பைக்குகளில் குறிப்பாக. 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் 210-பி என்று ஒரு பிரிவு சேர்ந்தது. இந்தச் சட்டத்தை அமல்படுத்தும் அதிகாரம் உள்ளவரே இதை மீறினால், மற்றவருக்கு உள்ளதைப்போல் இரண்டு மடங்கு அபராதம். நாடாளுமன்றம் அப்படி நினைத்துத்தான் எழுதியிருக்கிறது. சொந்தத் துறைக்காரருக்கு அந்த இரட்டை அபராதச் சலானை எழுதும் காவலருக்கு மேலதிகாரிகள் துணை நிற்க வேண்டும். அவர் அடுத்த வாரம் வேறு சந்திக்கு மாற்றப்பட்டால், பிறகு எவரும் எழுத மாட்டார். சந்திப்புகளில் எண்ணைப் படிக்கும் கேமராக்கள் வந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்ததற்கு இதுதான் காரணம். கேமரா எண்ணை மட்டும் படிக்கும், ‘அ’வைப் படிக்காது. அதற்கு யாரும் போன் பண்ணவும் முடியாது.

தனியார் கார்களில் பொருத்தும் சைரன்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பல சுரம் எழுப்பும் ஒலிப்பானை விதி 119 தடை செய்கிறது. ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, காவல் வண்டி போன்றவைக்கு மட்டும் விலக்கு. ஆம்புலன்சுக்கு வழிவிடாதவருக்கு 194-இ பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 2008 செப்டம்பரில் 108 ஆம்புலன்ஸ் சேவை இங்கே வந்தபிறகு நம் ஜனம் வழிவிடப் பழகியது. எத்தனை நெரிசலிலும் ஆட்டோக்காரர் இறங்கி நின்று வழி ஒதுக்கிக் கொடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். கல்யாண வீட்டுக்குப் போகும் கார் ஒன்று அதே சத்தத்தைப் போட்டுக்கொண்டு முந்திப் போனதைப் பார்த்த பிறகு, அடுத்த தடவை அந்த ஆட்டோக்காரர் திரும்பிப் பார்ப்பார். நிஜமா, பொய்யா என்று பார்ப்பார். ஆம்புலன்சுக்குள் இருப்பவருக்கு அந்த ஒரு பார்வை நேரமும் முக்கியம்.

துறைத் தலைவர்களிடம் கேட்பது: ஒரு சுற்றறிக்கை போடுங்கள். சொந்த வண்டியில் துறைப் பெயர் ஒட்டியிருந்தால் நடத்தை விதிகளின்படி விளக்கம் கேட்கப்படும் என்று எழுதுங்கள். உங்கள் அலுவலக வளாகத்தில் காலை பத்து மணிக்கு ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள், வேறு ஆய்வே தேவைப்படாது. சங்கங்களிடம் கேட்பது: அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு தீர்மானமாக வையுங்கள். அகவிலைப்படிக்கும் பழைய ஓய்வூதியத்துக்கும் ஜனம் நம் பக்கம் நிற்க வேண்டும் என்று கேட்கிறோம். அவர்கள் தினமும் ரோட்டில் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஸ்டிக்கர் கடைக்காரர்களைப் பிடித்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். கடைக்காரரையும் கேளுங்கள், ஆனால் வாங்கியவர்கள் நாம்.

பேத்தி கேட்ட அந்த ஞாயிற்றுக்கிழமையே நான் மாப்பிள்ளையின் காரிலிருந்து அதை எடுத்தேன். வெயிலில் காய்ந்த ரேடியம் லேசில் வராது. நகத்தால் சுரண்டினால் துண்டு துண்டாக வரும், பசை நின்றுவிடும். வெந்நீரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் போட்டு வையுங்கள், ஓரத்திலிருந்து மெதுவாக உரியுங்கள். மிச்சப் பசைக்குத் தேங்காய் எண்ணெய் தடவி, கொஞ்ச நேரம் விட்டு, பழைய பனியன் துணியால் தேய்த்தால் வந்துவிடும். மாப்பிள்ளை முகம் கொஞ்சம் வாடியது உண்மை. கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தது என் பேத்தி.

அந்த முட்டைக்காரருக்கு இப்போது ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அதற்குப் பிறகு அந்த மார்க்கெட் ரோட்டில் நான் எத்தனையோ தடவை போனேன், அவரைப் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் அடையாளம் தெரியவில்லை. இந்த மடல் எப்படியாவது அவர் கைக்குப் போனால் ஒன்று சொல்ல வேண்டும். ஐயா, அன்று எதிர்த்திசையில் வந்தது நாங்கள். அது புலத்தணிக்கை அல்ல. நீங்கள் எங்களைக் கேட்டிருக்கலாம். 60 முட்டைக்கான பணம் நான் உங்களுக்குத் தர வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அரசு ஊர்தி ஓட்டுநர் ஒருவன்